விழுகிறவனுக்குத்தான் புள்ளி

குரோருட், ஒஸ்லோ
மே 19

மச்சான் பிலேந்திரன் அறிவது,

இங்கு எல்லோரும் சுகம். கமலாதேவியின் முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை. அங்கு வட அந்தத்தில், ஹம்மர்பெஸ்டில் நீயும் றோஸ் தங்கச்சியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது இவன் ஏன் கடதாசியில் எழுதுகிறான் என்று நீ யோசிப்பாய். போனில் இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். முதல் முறை, இன்னும் பனி கரையவில்லை என்றாய். இரண்டாம் முறை, றெயின்டியர் மான்கள் பள்ளிக்கூட வளவுக்குள் வந்து நிற்கின்றன என்றாய். முப்பது வருடமாக வியாபாரம் செய்கிறேன். சரக்கைப் பற்றிக் கேட்டால் வானத்தைப் பற்றிக் கதைக்கிறவனை நான் அறிவேன்.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் பள்ளிக்கூடம் பூட்டியதும் நீ வழமைபோலக் காரில் ஒஸ்லோவுக்கு இறங்கி வந்து, உன் மகள் கரோலினாவின் பிள்ளைகள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு சுவீடன், பின்லாந்து வழியாகத் திரும்ப மேலே உன் ஊருக்குப் போகப் போகிறாய். ஒரு பக்கம் மட்டும் ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீற்றர். நேற்று முன்தினம் மே பதினேழு தேசிய தின ஊர்வலத்தில் உன் பேரன் யூலியனைக் கண்டேன். மழைக்குள் மேளம் அடித்துக்கொண்டு போனவன், என்னைக் கண்டதும் வரிசையை விட்டு ஓடி வந்து, "அம்மப்பா இந்த முறை சுவீடனிலை ரண்டு இடத்திலை ஐஸ்கிரீம் வாங்கித் தாறனெண்டவர்" என்றான். அவனுடைய தங்கச்சி ஏற்கெனவே பை அடுக்கத் தொடங்கிவிட்டாளாம். அந்தப் பிள்ளைகள் உன் காருக்குள் ஏறுவதற்கு முன் எனக்கு ஒன்று தெளிய வேண்டும். அது உன் றெஸ்லிங் புள்ளிகளில் தொடங்கிய சந்தேகம். சிரிக்காமல் கேள்.

நீ நமது சட்டத்தை மீறுகிறாய் என்பது என் குற்றச்சாட்டு. ஆகவே முதலில் சட்டத்தை எழுதிவிடுகிறேன். செவ்வாய் மாலை எட்டு மணிக்கு நீ அங்கேயும் நான் இங்கேயும் அமெரிக்கக்காரரின் அந்த நிகழ்ச்சியைப் பார்ப்பது. இடையில் போன் எடுப்பதில்லை. புதன் காலை, நான் கடை திறக்குமுன், ஒவ்வொரு சண்டைக்கும் பத்துக்கு எத்தனை என்று குரலில் பதிந்து ஆளுக்காள் அனுப்புவது. வென்றவனுக்குப் புள்ளி கிடையாது, யார் வெல்வது என்பது முதலே எழுதி வைத்த விஷயம். சண்டைக்குச் சொன்ன காரணத்துக்கு இரண்டு, நடுவருக்கு ஒன்று, சனத்துக்கு ஒன்று, முடித்த விதத்துக்கு இரண்டு. மிச்சம் நாலும் விழுகிறவனுக்கு.

அந்த நாலு நீ போட்ட சட்டம். நாம் வந்த புதிதில் வேலை செய்த பின்மார்க் மீன் தொழிற்சாலை விடுதியில் பன்னிரண்டு பேர் ஒரு தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து, யாரோ ஒருவனைக் கொல்லப் போகிறார்கள் என்று கத்திக்கொண்டிருக்க, நீ மட்டும் எழும்பி நின்று, "டேய், இவன் கையாலை குத்தேக்கை காலாலை பலகையிலை உதைக்கிறான். அந்தச் சத்தம்தான்டா இது" என்றாய். அன்றோடு பத்துப் பேருக்கு றெஸ்லிங் செத்துப் போனது. நம் இருவருக்கும் அன்றுதான் தொடங்கியது. பொய் என்று தெரிந்தால்தான் அந்தப் பொய்யை எவ்வளவு கெட்டித்தனமாகச் செய்கிறான் என்று பார்க்கலாம் என்றாய். அடிப்பது யாருக்கும் வரும், விழுகிறவன் விழுகிற விதத்தில்தான் அடிக்குப் பெறுமதி வருகிறது என்றாய். தோள் முதலில் படுகிறதா கை முதலில் படுகிறதா, விழுமுன் இடம் பார்க்கிறானா, எழும்பும்போது எந்தக் கால் வலிக்க வேண்டும் என்பதை மறந்து மற்றக் காலை நொண்டுகிறானா என்று பார்க்கச் சொல்லித் தந்தவன் நீ. வெளிச்ச மேசையில் மீன் துண்டை வைத்தால், மயிரளவு புழுவை மேற்பார்வையாளனுக்கு முன் கண்டுபிடிக்கிற கண் அது. அந்தக் கண்ணுக்குப் பயந்து நான் எத்தனையோ புதன்கிழமை என் புள்ளியைத் திருத்தியிருக்கிறேன்.

இப்போது வழக்குக்கு வருகிறேன்.

போன மாரிக் குளிர்காலம் தொடக்கம் நீ விழுகிறவனுக்கு நாலுக்கு இரண்டுதான் போடுகிறாய். எல்லோருக்கும் இரண்டு. நாம் கிடாய் என்று பெயர் வைத்த அந்தக் கழுத்தில்லாத தடியன், குளிர்பெட்டியைச் சரித்துவிட்டதுபோல விழுகிறவன், அவனுக்கும் இரண்டு. பனங்கிழங்கு, அந்த நெட்டையன், மூன்று கயிற்றிலும் பட்டு நனைந்த துவாய்போல வழிந்து விழுகிறவன், நீயே ஒருகாலம் நாலுக்கு அஞ்சு போடலாமா என்று கேட்டவன், அவனுக்கும் இரண்டு. மச்சான், எல்லாப் பெட்டிக்கும் நடுத்தரம் என்று எழுதுகிறவன் ஒரு பெட்டியையும் திறக்கவில்லை. எனக்கு மாம்பழம் அனுப்புகிறவர்களுக்கே இது தெரியும்.

அதற்குப் பதிலாகச் சனத்துக்கு நீ பெரிய விளக்கம் வைக்கத் தொடங்கினாய். ஒரு புள்ளி உள்ள சனத்துக்கு ஐந்து நிமிடம் கதைத்தாய். சனம் எந்த இடத்தில் இரைந்தது, வர்ணனை சொல்கிறவனுக்கு எந்த இடத்தில் தொண்டை அடைத்தது, பலகை இன்று இறுகிக் கேட்கிறதா தளர்ந்து கேட்கிறதா. கிடாய்க்கு ஒருநாள் பத்துக்கு எட்டு. காரணம், சனம் கூரை பறக்கக் கத்தியதாம்.

நான் முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? நீ பார்ப்பதில்லை, இணையத்தில் எவனோ எழுதுகிற புள்ளியை எடுத்து ஒப்பிக்கிறாய் என்று நினைத்தேன். மகள் ஆரபியைப் பிடித்து இருத்தித் தேட வைத்தேன். அவள் ஒரு மணித்தியாலம் தேடிவிட்டு, "அப்பா, உலகத்திலை ஒருத்தரும் அந்தத் தடியனுக்கு எட்டுக் குடுக்கேல்லை. பிலேந்திரன் மாமாவுக்கு மட்டும்தான் இந்த விசர்" என்றாள். கமலாதேவி அடுப்படியில் நின்று, "உங்கடை அப்பா தக்காளியையே குறுக்கு விசாரணை செய்யிற ஆள். இனி மாமாவையும் விட்டு வைக்கமாட்டார்" என்றாள். சொல்லட்டும். தக்காளியை விசாரித்துத்தான் இந்தக் கடை நிற்கிறது.

பிறகு நினைத்தேன், உனக்கு என்னில் அலுத்துவிட்டது, மரியாதைக்காக ஏதோ சொல்லி அனுப்புகிறாய் என்று. நாம் இருவரும் ஒரே சந்தாவில்தானே பார்க்கிறோம். உன் பெயரில் உள்ள பக்கத்தைத் திறந்து பார்த்தேன். களவாகப் பார்த்தது பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். ஒரு கிழமையும் நீ தவறவிடவில்லை. அதற்கு மேல், ஒரே சண்டையை மூன்று முறை, நாலு முறை போட்டுப் பார்த்திருக்கிறாய். அதைக் கண்டதும் சந்தேகம் தீரவில்லை, கூடியது. நாலு முறை பெட்டியைத் திறந்தவன் ஏன் நடுத்தரம் என்று எழுதுகிறான்?

பெப்ரவரியில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். கிடாய் அந்தப் புதுப் பெடியனைத் தலைக்கு மேலே தூக்கி எறிந்தான். பெடியன் கையை ஊன்றி விழுந்தான். முழங்கை மற்றப் பக்கம் மடிந்தது. பொய் இல்லை, உண்மையாகவே மடிந்தது. நடுவர், இது உண்மைக் காயம் என்று காட்ட, இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தார். வர்ணனைக்காரர் வாய் மூடினார்கள், சனம் செத்த வீடு மாதிரி இருந்தது. றெஸ்லிங் என்றால் எழும்பிப் போகிற கமலாதேவி அகப்பையோடு வந்து நின்றாள். விடியக் கடைக்குள் நின்று உன் குரலைப் போட்டேன். "மந்தமான சண்டை மச்சான். சனமே நித்திரை. மூண்டு காணும்."

எனக்கு அப்போது வந்தது கோபம். ஒருவனுடைய கை முறிந்து தொங்குகிறது, இவன் மூன்று என்கிறானே, நெஞ்சில் ஈரம் இல்லாமல் போய்விட்டதா என்று கோபம். இரண்டு நாள் உனக்குப் பதில் போடவில்லை. மூன்றாம் நாள் மரக்கறிப் பெட்டிகளை இறக்கும்போதுதான் புத்தியில் பட்டது. சனம் அமைதியானதை நீ கேட்டிருக்கிறாய். ஏன் அமைதியானது என்பதை நீ காணவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்தது சிநேகிதன் செய்கிற வேலை இல்லை, வியாபாரி செய்கிற வேலை. ஏப்ரலில் ஒரு புதன்கிழமை என் புள்ளிகளோடு ஒரு பொய்யையும் சேர்த்து அனுப்பினேன். பனங்கிழங்கு இந்த முறை வெள்ளைச் சப்பாத்தும் வெள்ளைக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு வந்தான், கொக்கு மாதிரி இருந்தது என்று. அவன் வழமையான கறுப்பில்தான் வந்தான். தலை முதல் கால் வரை கறுப்பு. நீ பத்து நிமிடத்தில் பதில் போட்டாய். "ஓம் மச்சான், வெள்ளை அவனுக்கு எடுபடேல்லை."

எத்தனையோ பேரை இப்படிப் பிடித்திருக்கிறேன். பிடித்த பிறகு ஒரு திருப்தி வரும். அன்று கடையைப் பத்து நிமிடம் பிந்தித்தான் திறந்தேன்.

ஈஸ்ரர் பெருநாளுக்கு றோஸ் தங்கச்சி கமலாதேவியோடு கதைக்கும்போது மிகவும் சந்தோசமாக ஒன்று சொன்னாளாம். முப்பது வருடத்துக்குப் பிறகு இவர் எனக்கு நொஸ்க் பாஷை படிப்பிக்கிறார் அக்கா, காரில் போகும்போது றோட்டோரத்தில் ஒரு போட் விடாமல் வாசிக்கச் சொல்கிறார், வேகம் எழுதிய போட்டையும் விடக் கூடாதாம், வாசிக்காவிட்டால் பேச்சு விழுகிறது என்று. கமலாதேவி அதை எனக்குச் சொல்லி, "பாருங்கோ, அவருக்கு மனுசியிலை எவ்வளவு அக்கறை" என்றாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

இனி நேராக எழுதுகிறேன். உனக்குக் கண் தெரிவதில்லை, பிலேந்திரன். எவ்வளவு தெரிவதில்லை என்று எனக்குத் தெரியாது. உருவம் தெரியும், வெளிச்சம் தெரியும், அதை வைத்து ஓட்டுகிறாய். சூரியனே தலைகாட்டாத மாரியில் கார் பழுது என்று மூன்று மாதம் எடுக்காமல் விட்டாய். பழுது காரில் இல்லை, இருட்டில் உன்னால் முடியவில்லை. ஜூனில் அங்கு இருட்டே வராது என்ற துணிவில்தான் நீ வரப் போகிறாய். பதினைந்து வருடமாக உனக்குச் சீனி வருத்தம். சீனி கண்ணுக்குப் போகும் என்று உனக்கு டொக்டர் சொன்னது எனக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போனால் லைசென்சைப் பறித்துவிடுவார்கள் என்ற பயத்தில் நீ போகவில்லை.

பின்லாந்து றோட்டில் றெயின்டியர் நடுவில் வந்து நிற்கும். அதற்குச் சனம் கத்தாது, வர்ணனையும் வராது.

இந்தக் கடிதத்தை நான் வேண்டுமென்றே கையால், என் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறேன். நீயே இதை வாசித்து முடித்தால், போன் எடுத்து என்னைத் தாய் தகப்பன் வரை பேசு. வாயைத் திறக்காமல் கேட்பேன், கேட்டு முடிய மன்னிப்பும் கேட்பேன். வாசிக்க முடியாவிட்டால் இதை றோஸிடம் கொடு. அவளைக் கொண்டு வாசிக்க வை. அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
மச்சான் சண்முகலிங்கம்


குரோருட், ஒஸ்லோ
ஜூன் 8

றோஸ் தங்கச்சிக்கு, சண் அண்ணை எழுதுவது.

உறையில் உம்முடைய பெயரைக் கண்டு திகைத்திருப்பீர். இத்தனை வருடத்தில் உமக்கென்று நான் ஒரு வரி எழுதியதில்லை. ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை, பிள்ளைகளும் கரோலினாவும் சுகம். முதலில் இருந்துகொள்ளும். பிலேந்திரன் வெளியே போயிருக்கும் நேரம் என்றால் இன்னும் நல்லது.

போன மாதம் அவனுக்கு நான் ஒரு கடிதம் போட்டேன். நாலு பக்கம். அதில் அவனுக்குக் கண் தெரிவதில்லை என்று எழுதியிருந்தேன். ஏன் அப்படிச் சந்தேகப்படுகிறேன் என்று ஒன்றுவிடாமல் எழுதியிருந்தேன். கடைசியில், வாசிக்க முடியாவிட்டால் றோஸிடம் கொடு என்றும் எழுதினேன். இப்படி ஒரு கெட்டிக்காரனை நீர் கண்டிருக்கிறீரா? வாசிக்க முடியாதவன் அந்த வரியை எப்படி வாசிப்பான்? ஒஸ்லோவில் என்னை ஏமாற்ற ஆள் இல்லை என்று கமலாதேவி எல்லோருக்கும் சொல்லித் திரிகிறாள். ஆள் தேவையில்லை, நானே போதும்.

பத்து நாள் பார்த்தேன். புதன்கிழமைப் புள்ளிகள் வந்தன, கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு நானே போன் எடுத்துக் கடிதம் கிடைத்ததா என்று கேட்டேன்.

"கிடைச்சது மச்சான். வாசிச்சனான். நல்ல சந்தோசம்."

முழுவதையும் வாசித்தாயா என்று கேட்டேன்.

"ஓம், ஓம், ரண்டு தரம் வாசிச்சனான். நீ எழுதினா எழுத்துத்தான். கமலாக்கும் சொல்லு, எனக்குச் சந்தோசமெண்டு."

தங்கச்சி, அந்த நாலு பக்கத்தில் ஒருவன் சந்தோசப்பட ஒரு வரிகூட இல்லை. அவன் என்னைக் கெட்ட வார்த்தையால் பேசுவான் என்று ஆயத்தமாக இருந்தேன். அவன் சந்தோசம் என்றான். சரி மச்சான் என்று போனை வைத்துவிட்டு, அரிசி மூட்டையில் இருந்தேன். ஒரு மனுசி வந்து கருவேப்பிலை இருக்கா என்று கேட்கும்வரை எழும்பவில்லை.

போனில் உமக்கு இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் போனைச் சத்தமாகப் போட்டுவிட்டு இரண்டு பேரும் பக்கத்தில் இருந்து கதைக்கிற ஆட்கள். நான் ஒன்றைச் சொல்லி முடிக்குமுன் அவன் சிரித்து மழுப்பிவிடுவான், நீரும் அவனோடு சேர்ந்து சிரிப்பீர். எழுத்தை அவனால் மழுப்ப முடியாது.

அந்தக் கடிதம் அவனுடைய சட்டைப் பையில் அல்லது காருக்குள் இருக்கும். எறிந்திருக்க மாட்டான். தேடி எடும். எடுத்து, நீர் தனியாக முதலில் வாசியும். வாசிக்கும்போது அவன் உமக்கு நொஸ்க் படிப்பிக்கிற கதையும் வரும். அந்த இடத்தில் உமக்குக் கோபம் வரும், நெஞ்சும் நோகும். அந்த நேரம் அவனுக்கு முன்னால் போகாதேயும். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போம். போய்ப் பக்கத்தில் இருந்து, ஒரு வரியும் விடாமல் அவனுக்கு வாசித்துக் காட்டும். நான் களவாக அவனுடைய பக்கத்தைத் திறந்து பார்த்ததையும் வாசியும், வெள்ளைச் சப்பாத்துப் பொய்யையும் வாசியும். என் குற்றத்தை மறைத்துவிட்டு அவனுடையதை மட்டும் சொன்னால் அது சரியில்லை.

அவன் உம்மை ஏமாற்றினான் என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் ஏமாற்றினான்தான். நான் யோசித்துப் பார்த்தேன். அந்த ஊரில் யாருக்கு விமான நிலையத்துக்குப் போக வேண்டுமென்றாலும், யாருடைய மனுசிக்குப் பிள்ளைப்பேற்று நோவென்றாலும், அவனுடைய கார்தான். அவனை அங்குள்ள சனத்துக்குப் பிலேந்திரனாகத் தெரியாது, காரோடு வருகிற ஆளாகத்தான் தெரியும் என்று அவனே பகிடியாகச் சொல்வான். அதைவிடப் பெரியது பிள்ளைகள். கார் ஓடாவிட்டால் யூலியனும் தங்கச்சியும் மேலே வர மாட்டார்கள், வருகிற ஒரு மாதமும் இல்லாமல் போகும் என்று அவன் நினைக்கிறான். அதனால்தான் மூடி வைத்தான். அதே பிள்ளைகளைத்தான் பின் ஆசனத்தில் ஏற்றப் போகிறான் என்பதை மட்டும் ஏன் நினைக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. அவனிடம் அதைக் கேளும். அந்த ஒரு கேள்வி போதும், வேறு வாக்குவாதம் வேண்டாம்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஜூன் 16 விமானத்தில் நான் அங்கு வருகிறேன். பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். கடையை ஆரபி பார்ப்பாள். கடை தொடங்கிய நாளிலிருந்து இரண்டு நாளுக்கு மேல் நான் அதை விட்டு நின்றதில்லை, கமலாதேவி எனக்கு ஏதோ வருத்தம் என்று நினைக்கிறாள். காரை நான் ஓட்டி வருவேன். அவன் முன் ஆசனத்தில் இருக்கட்டும், நீர் பின்னால் இரும். இங்கு வந்து பிள்ளைகளை ஏற்றி, திரும்பவும் நானே மேலே ஓட்டுவேன். நான் பின்பக்கமாகக் கார் எடுக்கும்போது கமலாதேவி கந்தசஷ்டி கவசம் சொல்கிறவள். ஆனாலும் எனக்குக் கண் தெரியும். எந்தச் சந்தியில் திரும்புவது, எந்த இடத்தில் எண்ணெய் அடிப்பது என்பதெல்லாம் அவனுக்குத்தான் மனப்பாடம், அவன் சொல்லாமல் நான் சுவீடனைத் தாண்ட மாட்டேன். பிள்ளைகளுக்கு ஒரு நாளும் குறையாது.

அதற்கு முன், நாளைக்கே டொக்டருக்குப் போன் எடும். அவனுக்காக நீர் எடும், அவன் எடுக்க மாட்டான். கண்ணில் பூ விழுந்ததாகவும் இருக்கலாம், ஒரு சின்ன வெட்டோடு தீர்ந்துவிடும். சீனியால் வந்ததாகவும் இருக்கலாம். அது எது என்று சொல்ல நான் டொக்டர் இல்லை. பிந்தப் பிந்தக் கெடும் என்று மட்டும் தெரியும்.

இந்த மாதம் பதினாலாம் திகதிக்குள் உம்முடைய போன் வராவிட்டால் நான் கரோலினாவின் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். இரண்டு சந்திதான் தூரம். நாலாம் மாடி. தகப்பனைப் பற்றி ஒரு பிள்ளையிடம் போய் நான் சொல்ல வேண்டிய வார்த்தை இல்லை அது. அவனே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நீர். அந்தப் படியை என்னை ஏற வைக்காதேயும், தங்கச்சி.

எனக்கு எவரிலும் சந்தேகம் என்பது ஊர் அறிந்த விஷயம். பெரும்பாலும் என் சந்தேகம் சரியாகத்தான் வரும், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இதில் மட்டும் என் சந்தேகம் பிழையாகிப் போக வேண்டும் என்று கடைக்குள் உள்ள பிள்ளையாரிடம் இரண்டு மாதமாகக் கேட்கிறேன். அவர் ஒன்றும் சொல்கிறார் இல்லை. நீரும் உங்கள் மாதாவிடம் ஒருக்கால் கேட்டுப் பாரும்.

அவன் கத்துவான். கத்தட்டும். இனிமேல் சண்ணோடு கதைக்க மாட்டேன், அவன் என் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்வான். சரி என்று சொல்லும். நான் பதினாறாம் திகதி எப்படியும் வருவேன், வாசலில் நின்றாவது கொள்வேன். நான் வந்து சேரும்வரை கார்ச் சாவி உம்முடைய கைப்பைக்குள் இருக்கட்டும். அவன் கெஞ்சினாலும் கொடுக்காதேயும்.

உங்கள் இருவரையும் மாதா காக்கட்டும்.

உங்கள் சகோதரன்,
சண்முகலிங்கம்